மேசைமேல் வண்டு

ஜனவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கழுத்து வலி மட்டும் குடியிருக்க வந்தவரைப் போல் காலி செய்ய மறுக்கிறது. உன் கைவிரல் வெடிப்பு எப்படி இருக்கிறது? குளிர் அறைக்குள் போகும்போது உறை போடுகிறாயா, இல்லை இன்னமும் வீரம்தானா? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உங்கள் மீன் கிடங்குக்கு நாங்கள் செய்து கொடுத்த எச்சரிக்கை மணியின் புதிய பதிப்பு நாளை அங்கே வரும். நீ சொல்லித்தான் எங்கள் கம்பெனிக்கு அந்த வேலை கிடைத்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அறையில் சூடு ஏறினால் டியூட்டியில் இருப்பவர் போனில் அடிக்கும். பழையது செய்ததும் அதைத்தான். புதியது சுத்தமாகச் செய்யும், அவ்வளவுதான்.

சுத்தம் என்றதும் எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீமில் அவருக்கு சோப்பு என்று பெயர். யாருக்காவது கை கொடுத்தால் உடனே இழுப்பறையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்வார். கை கொடுத்தவர் எதிரிலேயே. நாங்கள் எழுதும் கம்ப்யூட்டர் நிரலையும் அப்படித்தான் கழுவுகிறார். போன வாரம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, இவ்ளோ லாம்டா? பாக்கவே அருவருப்பா இருக்கு.”

“வேலை செய்யுதே சார்.”

“குப்பை வண்டியும்தான் வேலை செய்யுது. வீட்டுக்குள்ள நிறுத்துவியா?”

லாம்டா என்பது பெயரில்லாத சின்னச் செயல். இது நடந்தால் இன்னதைச் செய் என்று அந்த இடத்திலேயே எழுதிவிடுவது. அதையே இன்னும் குட்டையாக, நடுவில் இரண்டு முக்காற்புள்ளிகள் வைத்து எழுத ஒரு வழி உண்டு. மெத்தட் ரெஃபரன்ஸ். இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். நிரல் எழுதும் எடிட்டரே லாம்டாவின் கீழே கோடு போட்டு, மாற்றிவிடட்டுமா என்று கேட்கும். சோப்பு, எல்லாவற்றையும் மாற்று என்று ஒரே தட்டு தட்டினார்.

ஒருவர் மாற்றியதை இன்னொருவர் படித்துச் சரி சொன்னால்தான் எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகும். இதற்கு நான்தான் சரி சொன்னேன். பக்கம் பக்கமாக ஒரே மாதிரி. பாதியில் கண் சொருகிவிட்டது. படித்து முடித்ததாகத்தான் நினைவு.

பதில் போடு. போனில் உனக்கு ‘ம்’ தவிர வேறு எழுத்து தெரியாது. கடிதத்தில்தான் நீ பேசுகிறாய்.

உன்,
வாயாடி


பிப்ரவரி 15, ஞாயிறு மாலை

அன்புள்ள வாயாடிக்கு,

ம்.

சும்மா. நலம். வெடிப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. உன் கழுத்துக்குத் தலையணையை மாற்றிப் பார். உன் தலைக்கனத்துக்கு எந்தத் தலையணை தாங்கும் என்று அண்ணி கேட்கிறாள்.

செய்தி ஒன்று. மச்சான் கிடங்கு மேனேஜர் ஆகிவிட்டார். தன் அண்ணன் என்று அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து. இத்தனை வருடம் அவர் பார்த்த டியூட்டி இப்போது என்னுடையது. நாற்காலி அவருக்கு, மணி எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கில் யாரும் இருக்க மாட்டார்கள். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அடித்தால் ஓட வேண்டும். உங்கள் மணி என்னிடம் இன்னும் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அடிக்காதவரை நல்லதுதான்.

பதவி உயர்வுக்காக மச்சான் இன்று வீட்டில் விருந்து வைத்தார். மாடியிலிருந்து இறங்கினால் அவர் வீடு, தப்பிக்க முடியாது. நடுச் சாப்பாட்டில் அவர் போன் அதிர ஆரம்பித்தது. உர்ர், உர்ர், உர்ர் என்று மேசைமேல் வண்டு மாதிரி தானாக நகர்ந்து வந்து என் தட்டை இடித்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. அவர் மகள் “வண்டு! வண்டு!” என்று கை தட்டினாள். மச்சான் ஒரு விரலால் தட்டி நிறுத்தினார். கவிழ்த்து வைத்தார். “ஞாயித்துக்கிழமைகூட ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடமாட்டானுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

தூக்கம் வருகிறது. அதிகம் சாப்பிட்டுவிட்டேன். நாளை கிடங்குக்கு விடுமுறை. இப்படி ஒரு ஞாயிறு கிடைத்து எவ்வளவு நாளாயிற்று.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நான் நலம் என்று தோன்றுகிறது. உன் போன் அணைந்தே கிடக்கிறது. அண்ணியைக் கூப்பிட்டால், “அவர் குளிச்சுக்கிட்டிருக்கார்” என்கிறாள். காலையில் கூப்பிட்டேன், குளித்துக்கொண்டிருந்தாய். மாலையில் கூப்பிட்டேன், குளித்துக்கொண்டிருந்தாய்.

என்ன ஆயிற்று?

வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. உன் கழுத்து எப்படி?

போன் என்னிடம் இல்லை. விசாரணைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். வேறு வாங்கவும் மனமில்லை. எங்கே எது அதிர்ந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால்கூட.

மூன்றாம் அறையில் பனி உருக்கும் ஹீட்டர் ஒன்று உண்டு. கொஞ்ச நேரம் ஓடி நிற்க வேண்டியது. அந்த ஞாயிறு மதியம் அது நிற்கவில்லை. மறுநாள் விடுமுறை. செவ்வாய் காலை கதவைத் திறந்தோம்.

திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. கதவுக்கு அடியில் வழிந்திருந்த தண்ணீரின் மேல் ஆடை கட்டியிருந்தது. உள்ளே அறை முழுக்க மீன். அட்டைப் பெட்டிகள் ஊறித் தாமாகவே அவிழ்ந்திருந்தன. கையால் தூக்கினால் முள் மட்டும் கையில் நின்றது, மற்றதெல்லாம் விரலிடுக்கில் இறங்கியது. சுமை தூக்குகிறவர் ஒருவர் வாந்தி எடுத்தார். அது எங்கே விழுந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை.

மணி என் போனில் அடிக்கவில்லை. இதை எல்லோரிடமும் சொன்னேன். எலக்ட்ரீஷியன் முதல் வேலையாக எல்லாவற்றையும் அணைத்து, மறுபடி போட்டார். பிறகு முதலாளி முன்னால் சோதனை. சென்சாரை ஒருவர் கையில் பொத்திச் சூடாக்கினார். என் போன் அலறியது. கண்ணாடி சிவந்தது. எல்லோரும் என் போனைப் பார்த்தார்கள். பிறகு என்னை.

“நல்லாத்தானப்பா அடிக்குது?” என்றார் முதலாளி.

“அன்னைக்கு அடிக்கல சார்.”

“தூங்கிட்டேன்னு சொல்லு. மன்னிக்கலாம். மெஷின் மேல பழி போடாத.”

விசாரணை முடியும்வரை டியூட்டி இல்லை. அறையைக் கழுவும் வேலை மட்டும். மண்வெட்டியால் அள்ளுகிறேன். மச்சான் மேற்பார்வை. வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். உள்ளே வருவதில்லை. நகக் கண்ணில் ஏறிய நாற்றம் போகவில்லை. அண்ணி என் தட்டைத் தனியாக வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். சாப்பிடவில்லை. அது பரவாயில்லை. நகத்துக்கு எலுமிச்சை தேய்த்துப் பார்.

நீ தூங்கவில்லை. மணியும் தூங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன். பொறுமையாகப் படி.

லாம்டா என்ன சொல்கிறது: ‘சூடு ஏறினால், டியூட்டி நாற்காலியில் யார் இருக்கிறார் என்று பார், அவரைக் கூப்பிடு.’ பார்ப்பது, கூப்பிடுவது, இரண்டுமே சூடு ஏறும் நேரத்தில்தான் நடக்கும். நாற்காலியில் ஆள் மாறியிருந்தால் புது ஆளுக்கு அடிக்கும்.

மெத்தட் ரெஃபரன்ஸும் அதையே சொல்வதுபோல் தெரியும். ஆனால் அந்த முக்காற்புள்ளிகளுக்கு இடப்பக்கம் இருப்பவரைப் பார்க்க அது சூடு ஏறும்வரை காத்திருப்பதில்லை. அந்த வரி ஓடும் கணத்திலேயே ஆளைப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறது. அதன் பிறகு நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. பையில் இருப்பவரைத்தான் கூப்பிடும். எல்லா மெத்தட் ரெஃபரன்ஸும் இப்படியில்லை. குறிப்பிட்ட ஆளுக்குப் பதிலாக ‘பணியாளர்’ என்று வகையின் பெயரை மட்டும் வைத்தால், ஆள் கூப்பிடும்போதுதான் வந்து சேர்வார். அதில் தீங்கில்லை. எங்கள் வரியில் ஆள்தான் இருந்தார்.

ஆள் மாறாதவரை இரண்டும் ஒன்றே. அதனால்தான் எந்தச் சோதனையிலும் இது அகப்படவில்லை.

ஜனவரியில் புதிய பதிப்பு ஓடத் தொடங்கியபோது டியூட்டியில் இருந்தவர் உன் மச்சான். பையில் விழுந்தவர் அவர். பிப்ரவரியில் நீ வந்தாய், பைக்குத் தெரியாது. செவ்வாய் காலை எலக்ட்ரீஷியன் அணைத்துப் போட்டார். நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இப்போது நாற்காலியில் நீ. பையில் நீ. அதனால் சோதனையில் உன் போன் அலறியது. உன்னைக் காப்பாற்ற வேண்டிய சோதனை உன்னைக் காட்டிக் கொடுத்தது இப்படித்தான்.

சோப்பு கழுவிய வரி. அவருடைய வெள்ளை விரல். அழகுக்காக ஒரு தட்டு.

ஆக, அன்று மணி அடித்திருக்கிறது. உன் மச்சான் போனில். அவர் பார்க்காமல் விட்டிருக்கலாம். ஒரு தடவை திரையைத் தொட்டாலே மணி நின்றுவிடும், ஆள் கிளம்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளும். அவரிடம் கேட்டாயா?

வாயாடி


மார்ச் 30

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். எலுமிச்சை தேய்த்தேன். இப்போது எலுமிச்சை தேய்த்த மீன் நாற்றம் அடிக்கிறது.

நீ எழுதியது புரிந்தது. கடையில் ‘கல்லாவில் இருப்பவரிடம் கொடு’ என்று சொல்லி அனுப்புவதற்கும், கல்லாவில் இருக்கிற மீசைக்காரரைக் காட்டி ‘அவரிடம் கொடு’ என்று சொல்லி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம். மீசைக்காரர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கால் நீட்டிப் படுத்திருப்பார். நீ தேடிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டுவாய். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் திருடன் பட்டம். சரிதானே? இதற்கா உனக்கு இவ்வளவு சம்பளம்?

ஆனால் விட்டுவிடு. யார் போனில் அடித்தது, யார் தொட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் இல்லை. மீன் மறுபடி நீந்தப் போவதில்லை.

இன்று பக்கத்து மரத்தடியில் பூனைகள் கூட்டமாக வந்து என் செருப்பை முகர்ந்தன. என்னை மதிக்கிற உயிர்களும் ஊரில் இருக்கின்றன.

கழுத்தைக் கவனி.

அண்ணன்


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? பூனைகள் நலமா? சிரிப்பு வரவில்லை. மன்னித்துக்கொள்.

சோப்பிடம் போனேன்.

“சார், அந்த வரி தப்பு. கிடங்குக்குச் சொல்லணும்.”

பாட்டிலைத் திறந்தார். நான் கைகூடக் கொடுக்கவில்லை.

“திருத்தியாச்சும்மா. நேத்தே அனுப்பிட்டேன். ‘சிறு மேம்பாடு’ன்னு போட்டு.”

“அங்க ஒருத்தருக்கு வேலை போகப்போகுது.”

“அவங்க கேட்டாங்களா?”

“தெரிஞ்சாத்தானே கேப்பாங்க.”

“அப்ப கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றது நல்ல பழக்கம் இல்லம்மா. டீ சாப்பிட்டியா?”

விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே பேசினார். மேசையைச் சுற்றி எலுமிச்சை வாசம். நீ எழுதிய மீன் எனக்குக் குமட்டவில்லை, இந்த எலுமிச்சை குமட்டுகிறது. உனக்கும் அதையே தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். விட்டுவிடு, தேய்க்காதே.

நான் எங்கே நின்றாலும் அந்த வாசம் வருகிறது. அறையில், பேருந்தில். தலையணையில்கூட.

அண்ணா, தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் மணி அடித்தால் மட்டும்தான் கண்ணாடி முழுக்கச் சிவக்கும். வேறு எதற்கும் அப்படி ஆகாது. நான் இதற்குமேல் எழுத மாட்டேன். யார் போனில் அடித்தது என்று நீ எழுது. காத்திருக்கிறேன்.

வாயாடி


ஏப்ரல் 21

அன்புத் தங்கைக்கு அண்ணி எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உன் அண்ணன் பதில் எழுத மாட்டேன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

இந்த மாதக் கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அசந்து தூங்கிவிட்டேன், மணி கேட்கவில்லை என்று. போட்டால் போலீசு, நஷ்டஈடு ஒன்றும் இல்லாமல் அனுப்பிவிடுவார்கள். எங்கள் அண்ணன் பேசி முடித்திருக்கிறார். பிறகு அவருக்குத் தெரிந்த ஐஸ் ஃபாக்டரியில் வேலை. அங்கே மீன் கிடையாது, தண்ணீர்தான்.

நீ படித்தவள். உனக்கு எது சரி, எது தப்பு என்று இரண்டே பக்கம்தான். எனக்கு வீட்டில் நாலு சுவர். எங்கள் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறோம். கீழே அவர் தட்டில் கரண்டி படுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கும். நானும் உன் அண்ணனும் பேசிக்கொள்வதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. சண்டை இல்லை. சத்தம் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மேசையில் நானும்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். இதற்குமேல் என்னைக் கேட்காதே. எனக்கு இரண்டு பக்கமும் ரத்தம்.

நீ எப்போது வந்தாலும் எனக்குச் சந்தோஷம். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு வராதே.

இப்படிக்கு,
அண்ணி


ஏப்ரல் 25

அண்ணா,

கம்ப்யூட்டரோடு வருகிறேன். முதலாளியிடம் நேரம் வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போடாதே.

நலம் விசாரிப்பதெல்லாம் நேரில்.

வாயாடி


மே 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் நீ என் பையைத் தூக்கி வைத்தாய், “ம்” என்றாய். வண்டி கிளம்பிவிட்டது.

அந்த அறையில் நீயும் இருந்தாய். இருந்தும் எழுதுகிறேன். நான் பார்த்ததும் நீ பார்த்ததும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டும்.

நீள மேசை. ஒரு முனையில் முதலாளி. அவருக்கு வலப்பக்கம் உன் மச்சான், டீ டம்ளர், அவர் போன். எதிரில் நீ. விசாரணையிலிருந்து எடுத்து வந்து உன் முன்னால் வைத்த உன் போன்.

“அதான் ஒரு தடவை சோதிச்சாச்சேம்மா. அடிச்சுதே” என்றார் முதலாளி.

“ஆளை மாத்தாம சோதிச்சீங்க சார். மாத்திப் பாப்போம்.”

ஜனவரியில் அனுப்பிய அதே பதிப்பை என் லேப்டாப்பில் ஓட்டினேன். முதலில் டியூட்டியில் உன் மச்சான் பெயர். அணைக்காமல், அப்படியே ஓடவிட்டு, உன் பெயரைப் போட்டேன். சோப்பு மாற்றியது எந்த வரி என்று காட்டினேன். அன்று மதியம் நீங்கள் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே விருந்து சாப்பிட்டதையும் சொன்னேன். சென்சாரை முதலாளி உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். கையில் கோழிக்குஞ்சை வைத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

உன் மச்சான் பேசிக்கொண்டே இருந்தார். “சின்னப் பொண்ணு சார். அண்ணன்மேல பாசம். புரியுது. ஆனா கம்ப்யூட்டர்ல என்ன வேணா காட்டலாம்.”

உன் போன் செத்த மீன் மாதிரி கிடந்தது.

உர்ர். உர்ர். உர்ர்.

அவர் போன்தான் டீ டம்ளரை நோக்கி நகர்ந்தது. உன் மச்சான் பேச்சை நிறுத்தவேயில்லை. கீழே பார்க்கவுமில்லை. ஒரு விரல் தட்டு. கவிழ்த்து வைத்தார். பழகிய கை. வாய் பாட்டுக்கு, “இந்தக் காலத்துப் பசங்க” என்றது.

“எடுங்க. யாருன்னு பாருங்க” என்றார் முதலாளி.

“அதுதான் சார்.”

“எதுதான்? நீங்க பாக்கவே இல்லையே.”

முதலாளி கவிழ்ந்து கிடந்த போனைத் தாடையால் காட்டினார்.

“அன்னைக்கும் இப்படித்தான் கவுத்து வெச்சீங்களா?”

“டியூட்டி மாறிடுச்சு சார். எனக்கு எதுக்கு வருதுன்னு நெனச்சேன். அவனுக்கும் போயிருக்கும்னு நெனச்சேன்.”

“அவன் எதிர்லதான உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தான். எழுந்து ஓடினானா?”

முதலாளி உன் பக்கம் திரும்பினார். இன்னமும் கையைப் பொத்தியே வைத்திருந்தார்.

“நீயும் அங்கதானப்பா இருந்த. பாக்கலையா?”

நீ சொன்னாய்: “நான் சோத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன் சார்.”

அண்ணா, நீ சோற்றைப் பார்க்கவில்லை. வண்டைப் பார்த்தாய். உன் தட்டை இடித்தது. சிவப்பைப் பார்த்தாய். அன்று மாலையே எனக்கு எழுதினாய். அப்போது உனக்கு அது என்னவென்று தெரியாது, நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை உன் போன் எல்லோர் முன்னாலும் சிவந்தபோது தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, நீ உள்ளே நின்று அள்ளினாய். தெரிந்துகொண்டே எனக்குத் தெரியாது என்று எழுதினாய். அவர் போன் உறுமியபோது அந்த அறையில் வியக்காத முகங்கள் இரண்டு. ஒன்று அவருடையது.

உன் நகத்தின் நாற்றத்தை நான் பொறுத்துக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்த ஒரு வாக்கியம்தான் குடலைப் புரட்டுகிறது. உன் வாயில் அது எப்படி வந்தது? ஏன்?

சோப்பு என்னைப் போகச் சொல்லிவிட்டார். கடைசி நாள் எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் பாட்டிலை எடுப்பதற்குள் நான் கழிவறைக்கு ஓடிப்போய் என் கையைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

பதில் எழுது.

வாயாடி


ஜூலை 5

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். புது வேலை கிடைத்துவிட்டதாக அண்ணி சொன்னாள். உன் கழுத்துக்கு அங்கேயாவது நல்ல நாற்காலி கொடுத்திருக்கிறார்களா?

போன மாதம் என்னை மறுபடி டியூட்டியில் போட்டார்கள். மச்சான் தாமாகவே விலகிவிட்டார். நாங்கள் மாடியைக் காலி செய்துவிட்டோம். இரண்டு சின்ன அறைகள், கீழே சைக்கிள் கடை. இங்கே எவ்வளவு சத்தமாகவும் பேசலாம். அண்ணியும் நானும் இன்னும் மெதுவாகத்தான் பேசிக்கொள்கிறோம். மூன்றாம் அறைக்குப் புது வர்ணம் அடித்தாயிற்று. வர்ணத்துக்கு அடியிலிருந்து வருகிறது.

ஏன் என்று கேட்டிருந்தாய். எழுதி எழுதிக் கிழித்தேன். மாடி வீடு, அண்ணி, மச்சான் வாங்கிக் கொடுத்த வேலை என்று எல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மை. படித்துப் பார்த்தால் எதுவும் காரணம் மாதிரி இல்லை. முதல் நாள் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நேற்றே சொல்லியிருக்க வேண்டியதாக இருந்தது. வேறு தெரியவில்லை.

நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றா என்றும் கேட்டிருந்தாய். ஒன்றுதான். கடைசியில் ஒரு துண்டு மட்டும் உன் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது.

மச்சான் எழுந்து வெளியே போனார். முதலாளி சென்சாரை உன்னிடம் திருப்பிக் கொடுத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, உங்க தலைவர் ஒரு ஆள் மாத்தினா அப்படியே வந்து சேந்துடுமா? நடுவுல வேற யாரும் பாக்கறதில்லையா?”

நீ லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாய். ஜிப் மாட்டிக்கொண்டது. குனிந்து அதோடு போராடினாய். முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு டீ சொல்லப் போய்விட்டார். அவர் போனதும் ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது.

ஜனவரியில் நீ எழுதியது எனக்கும் நினைவிருக்கிறது. பாதியில் கண் சொருகியது. அதன் பிறகு நீ எழுதிய எந்தக் கடிதத்திலும் அது வரவில்லை. சோப்புதான் வந்தார். நான் அப்போதும் கேட்கவில்லை. இப்போதும் கேட்பதற்காக எழுதவில்லை. நீ என்னைக் காப்பாற்ற வந்தவள், அதற்காக வேலையை இழந்தவள். அந்த அறையில் நீ ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

புது போன் வாங்கிவிட்டேன். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் மல்லாக்க வைக்கிறேன். ஒருமுறைகூட அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பதில் சோறு ஆறிவிடுகிறது. அண்ணி ஒன்றும் சொல்வதில்லை, சூடு பண்ணித் தருகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது. உன் கடிதம் வந்தால் விரலை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்